ஓய்வு நாளும் உலாவும் உரிமையும்

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, முதலாளிமார்முன் சில கோரிக்கைகளை வைத்தனர். கூலியை உயர்த்துக என்றனர். பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க என்றனர். பெண்களின் மானத்திற்குக் காவல் வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், நோயாளிகளுக்குத் தக்க வைத்தியம் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். இவை யாவும் இக்காலத்தவர்க்கும் எளிதில் விளங்குவன. ஆனால் இவற்றோடு ஒன்றாக மற்றொன்றும் கேட்டனர். தோட்டத்துச் சாலையில் துரைமாரோ ஆசிய அலுவலரோ எதிர்ப்படும்போது, தொழிலாளி தன் சைக்கிளைவிட்டு இறங்காமலே செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது. உற்றாரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோகவும் உரிமை கேட்டனர்.

சைக்கிளில் அமர்ந்து செல்வதா, இறங்கி நிற்பதா என்பது ஒரு பெரிய விஷயமா என்று நகைப்பார் இருக்கலாம். ஆழ்ந்து நோக்குவார் நகையார். கூலியும் வேலை நேரமும் உழைக்கும் பொழுதைப் பற்றியவை. இக்கோரிக்கையோ உழைத்து முடித்தபின் எஞ்சிய பொழுதைப் பற்றியது. ஓய்வு நாளில் தூய வேட்டியுடுத்துச் சைக்கிளேறிப் பட்டணம் செல்லும் மனிதன், அந்தச் சில நாழிகைக்கேனும் எவருடைய ஆளுமல்லன். அவன் தனக்குத் தானே எஜமான். அவனை இறங்கச் செய்வது, 'நீ ஓய்வு நாளிலும் எம் ஆளே' என்று அறிவிப்பதாகும். ஆகவே, ஓய்வுப் பொழுதில் தன் ஊரையும் சுற்றுப்புறத்தையும் மனம்போல் சுற்றிப் பார்ப்பது என்னும் சாதாரணச் செயலுக்கு, நம்மவரிடையே ஒரு சரித்திரம் உண்டு. கோலசிலாங்கூர் முதல் பாகான் நக்கோடா ஓமார் வரையில் நீண்டு கிடக்கும் வடசிலாங்கூர்க் கரையை முன்னிட்டு அச்சரித்திரத்தை ஈண்டு ஆராய்வோம்.

அக்காலத் தோட்டம் ஒரு தனி உலகம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு, பின்னர் மலைக்காடு, மாலையில் லயத்து வீடு. கடையும், கோயிலும், பிள்ளைகளின் பள்ளியும் எல்லைக்குள்ளேயே இருந்தன. எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியம் தொழிலாளிக்கு உண்டாகாதபடி அவ்வுலகம் அமைக்கப்பட்டிருந்தது. தாண்டும் ஆசை உண்டாவதும் விரும்பப்படவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தபோது கண்ட கடல், சில மைல் தொலைவிலேயே அலையடித்துக்கொண்டிருந்தும், மறுபடி அதைக் காண ஒரு நாள் வாய்க்காமற் போனவர் எத்தனையோ பேர்.

அவ்வாறு அடைபட்டவனுடைய ஓய்விற்கென அங்கே அமைந்தது என்ன? கள்ளுக்கடையே அமைந்தது. ஆண்டுக்கொருமுறை திருவிழாவும் வந்தது. அதிலும் சாதி பார்த்து இடம் ஒதுக்கினர். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவிற்கு வந்து பல ஊர்களில் பேசியபோது இவ்விரு நோய்களுக்கும் எதிராக நம்மவர் பலர் விழித்தெழுந்தனர். பின்னர்க் கெடாவில் தொண்டர் படை தோன்றிக் கள்ளை எதிர்த்துப் போராடியதும், 1947-இல் பீடோங்கில் அடக்குமுறைக்கு இலக்கானதும் அறிந்தவையே. கள்ளை விலக்கு என்பது பாதி உபதேசம். விலக்கியபின் அந்தப் பொழுதை எங்கே செலவிடுவது என்பது மறு பாதி. அம்மறு பாதிக்கு விடை, சைக்கிள் செல்லும் சாலையில் இருந்தது.

நிற்க. அதே காலத்தில் அதே மண்ணில் வேறொருவருடைய ஓய்வு எவ்வாறிருந்தது என்பதையும் காண்போம். ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவிற்கு வந்து, கோலசிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். மலாயும் தமிழும் கற்றார். 1911-இல் சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்து, அழகிற்காகத் தம் இருப்பிடத்தில் நட்டார். பின்பு 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் அதனையே வியாபாரப் பயிராக்கினார். இந்நாட்டில் செம்பனை வியாபாரப் பயிரானது அதுவே முதல்முறை. தென்னமரம் என்பது நம் சொல் என்பதைக் கேட்டவுடனே அறியலாம். இன்று நம் கண் செல்லும் தொலைவெல்லாம் நிற்கும் செம்பனைக் காடு, ஒருவர் உலாவி மகிழ்வதற்காக வைத்த அழகு மரத்திலிருந்து பெருகியது என்பது விந்தையே. ஓய்வில் தாம் கண்டதையும் எண்ணியதையும் அவர் ஒரு நவீனமாக எழுதினார். மலாயாவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்நூல் 1930-இல் பிரான்சின் பெரும் பரிசாகிய கொன்கூர் பரிசைப் பெற்றது.

அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஓய்வு ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதற்கு அவர் சான்று. காண்பதற்குப் பொழுதும், நடப்பதற்கு வழியும் கிடைத்தால், மனிதன் ஆராய்வான், எழுதுவான், புதியது படைப்பான். 1940-ஆம் ஆண்டில் இந்நாட்டு ஐரோப்பியர் கூடி மலாயா இயற்கைச் சங்கத்தைத் தொடங்கினர். பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் காடுகளையும் ஓய்வுப் பொழுதில் ஆராய்ந்து குறிப்பெழுதுவது அதன் வேலை. நல்ல வேலையே. ஆயினும் வாசகர் இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1940-இல் ஒரு சாரார் காட்டில் உலாவிப் பறவை பார்க்கச் சங்கம் கூட்டினர். 1941-இல் மற்றொரு சாரார், சாலையில் சைக்கிளைவிட்டு இறங்காமற் செல்ல வேலைநிறுத்தம் செய்தனர்.

அவ்வேலைநிறுத்தம் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. அதனை நடத்தியோருள் முதன்மையானவரும், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவருமான ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று. பட்டாளம் வந்தது, அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். ஓய்வு நாளில் சைக்கிளில் நிமிர்ந்து செல்லும் உரிமைக்கும் அவ்வுயிர்களில் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். கோரிக்கையில் துரைமார் மட்டும் சுட்டப்படவில்லை. ஆசிய அலுவலரும் சுட்டப்பட்டனர். அவர் யார்? ஆங்கிலம் படித்து நாற்காலியில் அமர்ந்த கிராணிமார். தன் இனத்தான் ஒருவன் சக்கரத்தின்மேல் எதிரே வருவதைக் காணப் பொறாத கிராணியும் அக்காலத்தில் இருந்தான். கிராணித் தொழிலே செய்து பிழைக்கும் எனக்கு இது கசப்பான செய்திதான். எனினும், வெள்ளையர் செய்த கொடுமையை மட்டும் எழுதி, நம்மவர் செய்ததை விழுங்கிவிடுவது சரித்திரமாகாது.

வேலைநிறுத்தம் அடங்கிய அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்தனர். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் திரட்டிய அந்நாளில், இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிறைந்தவுடன் கதவையடைத்து, ஆடவரைப் பிடித்து ரயிலேற்றிய நிகழ்ச்சிகளை அக்காலத்துக் குறிப்புகள் கூறுகின்றன. பொழுதுபோக்கச் சென்றவன் வீடு திரும்பவில்லை. போர் முடிந்து மூச்சு விடுமுன் 1948-இல் மீண்டும் அவசரகாலம் பிறந்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. ஊரடங்குச் சட்டம் சாலையை மூடிற்று. 1960-இல்தான் அந்த அவசரகாலம் முடிவுற்றது. கங்காணி காலந்தொட்டு முள்வேலி காலம் வரை எண்ணிப் பார்ப்பின், நம்மவர் ஓய்வு நாளில் அச்சமின்றி ஊர்சுற்றத் தொடங்கி மிகப் பல தலைமுறைகள் ஆகவில்லை என்பது புலனாகும்.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற ஓய்வு நாளை நாம் என்ன செய்கிறோம்? கள்ளுக்கடையின் இடத்தில் வேறு புட்டிகள் வந்தன. கொட்டகைச் சினிமா வீட்டிற்குள்ளேயே வந்து, இப்பொழுது உள்ளங்கையளவு கண்ணாடியில் அடங்கிவிட்டது. விடுமுறை என்றால் பேரங்காடியின் குளிர்ச்சியில் சுற்றித் திரும்புதல் என்றாகிவிட்டது. முன்பு எல்லைக்குள் நம்மைப் பிறர் அடைத்தனர்; இன்று நம்மை நாமே அடைத்துக்கொள்கிறோம். சென்னையிலும் மதுரையிலும் உள்ள தெருக்களைத் திரையில் கண்டு பெயர் சொல்லும் பிள்ளை, தன் வீட்டிலிருந்து அரைமணி வழியிலுள்ள குன்றின் சரித்திரத்தை அறியான். ஆகலின் இக்கரையில் காணத் தக்கவற்றுள் சிலவற்றைச் சுட்டுவேன். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு பகலும், ஒரு வண்டியும், கேட்டறியும் மனமும் போதும்.

முதலாவது கோலசிலாங்கூரின் மெலாவத்திக் குன்று. குரங்குகளுக்குத் தீனி போடும் இடமென்றே இதனைப் பலர் அறிவர். நரைத்த மயிருடைய தாய்க் குரங்கும், அதன் மடியிற் பொன்னிறக் குட்டியும் காணத் தக்கனவே. ஆனால் அங்கே கிடக்கும் பீரங்கிகளையும் சற்றே நின்று நோக்குக. 1784-இல் சிலாங்கூர்ச் சுல்தான் இப்ராகீம், ரியாவின் ராஜா ஹாஜியோடு சேர்ந்து மலாக்காவிலிருந்த டச்சுக்காரரைத் தாக்கினார். ராஜா ஹாஜி போரில் மாண்டார். டச்சுக்காரர் திருப்பித் தாக்கிக் கோலசிலாங்கூரைக் கைப்பற்றி, இக்குன்றிற்குத் தம் தலைமை ஆளுநர் ஆல்டிங் என்பவர் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். பகாங்கிற்குச் சென்று துணை தேடிய சுல்தான், மறு ஆண்டே காடும் மலையும் கடந்து வந்து அவர்களை விரட்டினார். 1871-இலோ, கடற்கொள்ளையரைத் தேடி வந்த ரினால்டோ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இவ்வூரின்மேல் குண்டு பொழிந்தது. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகளும் இங்கேயே உள்ளன. அம்மரபினர் செலிபிஸ் தீவினின்று வந்த பூகிஸ் குடியினர். கடல் கடந்து வந்தோருடைய கதை நம்மோடு தொடங்கவில்லை என்பதை இக்குன்று கற்பிக்கும்.

குன்றின் அடிவாரத்தில், முன் சொன்ன இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987-இல் அமைந்த இயற்கைப் பூங்கா இருக்கிறது. அலையாத்திக் காட்டினூடே மரப்பாலத்தின்மேல் நடந்தால் சேற்றில் தாவும் மீனையும், ஒற்றைக் கொடுக்கை உயர்த்தும் நண்டையும் காணலாம். 1940-இல் ஒரு சாராருக்கே உரியதாயிருந்த இன்பம் இன்று எவருக்கும் திறந்திருக்கிறது. அதில் நுழையும் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

இரவில் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகேறிச் சிலாங்கூர் ஆற்றில் செல்க. பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள், ஒருவர் சொல்லி வைத்தாற்போல், ஒரே கணத்தில் ஒளிர்ந்து ஒரே கணத்தில் அணையும். இவ்வின்பத்தின் பின்னே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மின்மினி மரத்தில் ஒளிர்ந்தாலும், அதன் புழுப்பருவம் ஆற்றங்கரையின் ஈர மண்ணிலும் சருகிலும் நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை அழித்துச் செம்பனை நட்டால், மரங்கள் எஞ்சினும் ஒளி எஞ்சாது. நம் தொழிலே அவ்வொளியைத் தின்றுவிடக் கூடும் என்பதைச் செம்பனையால் பிழைக்கும் நாம்தாம் பிறரினும் முன்னே உணர வேண்டும்.

இனி வடக்கே செல்வோம். தஞ்சோங் காராங் முதல் சுங்கை பெசார் வரை சாலையின் வலப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல். 1930-களில் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டம் சதுப்பு நிலத்தைக் கழனியாக்கிற்று. ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. வயலுக்கு அப்பாலுள்ள பெரும் சதுப்புக்காடு, மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து வாய்க்காலுக்கு விடுகிறது. தஞ்சாவூர் வயலைப் பாட்டி சொல்லக் கேட்டிருந்தும் கண்ணாற் காணாத பிள்ளைக்கு, இவ்வயலின் வரப்பில் ஒரு மாலை நடத்தல் ஒரு நூலைப் படித்தற்குச் சமம்.

செகிஞ்சானில் சீனர் வயலும் உழுகின்றனர், கடலிலும் வலை வீசுகின்றனர். அங்குள்ள ரெடாங் கடற்கரையில் ஒரு மரம். வேண்டுதல் நிறைவேறும் என்று நம்பிச் சிவப்பு நாடாக்களை அதன் கிளைகளில் எறிந்து தொங்கவிட்டிருக்கின்றனர். இதனைக் கண்டு நகைக்கும் தமிழர், ஊர் திரும்பியதும் தம் கோயில் மரத்தில் கட்டிய மஞ்சள் துணியையும் ஒருமுறை பார்ப்பாராக. பிறர் மூடநம்பிக்கை நமக்குக் கண்ணாடியாயின், அப்பிரயாணம் வீணன்று.

சுங்கை பெசாருக்கும் அப்பால், கடலோரத்தில் பாகான் நக்கோடா ஓமார். பாகான் என்றால் மீனவர் துறை. நக்கோடா என்பது கப்பல் தலைவனைக் குறிக்கும் பாரசீகச் சொல்; நாவாய்க்கு உடையவன் என்பது அதன் பொருள். சோழமண்டலக் கரையினின்று கெடாவிற்கும் அச்சேவிற்கும் கப்பலோட்டி வந்த மரக்காயர் தலைவரும் இப்பட்டத்தையே தாங்கினர். ஆகவே ஊர்ப்பெயரை உச்சரிக்கும்போதே பாரசீகமும் அரபு நாடும் மலாய்க் கரையும் நம் நாவில் கூடுகின்றன. இவ்வட்டாரத்து மலாய்க் கிராமங்களில் சாவகத்தினின்று வந்த குடும்பங்களும், போர்னியோவினின்று வந்த பஞ்சார் குடும்பங்களும் மிகுதி. அவர்கள் வீட்டுப் பேச்சையும் உணவையும் கேட்டறிக. பக்கத்துக் கம்பத்தான் எங்கிருந்து, எதற்காக வந்தான் என்பதை அறியாமல், அவனோடு ஒரே சந்தையில் மீன் வாங்கி அறுபதாண்டு வாழ்ந்து மடிவது அறிவுடையார் செயலன்று.

கடல் வற்றும் பொழுது இக்கரை நெடுகச் சேற்றுவெளி விரிகிறது. மழைக்காலத் தொடக்கமுதல் பல மாதங்கள் சைபீரியாவின் குளிருக்கு அஞ்சி வரும் உள்ளான் இனப் பறவைகள் அச்சேற்றில் இரை தேடும். அவற்றுள் சில இனங்கள் தமிழகத்துக் கோடியக்கரைக்கும் செல்வன. பல்லாயிரம் மைல் பறந்து வரும் அவற்றை, 'யாருடைய அனுமதியோடு வந்தாய்?' என்று கேட்பார் எவருமில்லை.

மனிதனைக் கேட்கிறார்கள். இவ்விடத்திலேதான் பழைய சரித்திரம் நம் வாசலுக்கு மீண்டு வருகிறது. இன்று தோட்டங்களில் பெரட்டுக்கு நிற்போர் பெரும்பாலும் நம்மவரல்லர். வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளியர், புதிதாய் வரும் இந்தியர். அவர்களுக்கும் ஓய்வு நாள் உண்டு. ஆனால் பல இடங்களில் அவர்களுடைய கடவுச்சீட்டு அவர்களிடம் இருப்பதில்லை. பாதுகாப்பு என்னும் பெயரால் அலுவலகத்து அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்திற்கு இது மாறானது. பத்திரமில்லாதவன் சாலைக்கு வர அஞ்சுவான். காவலர் மறித்தால் காட்ட அவனிடம் ஒன்றுமில்லை. ஆதலால் அவனும் எல்லைக்குள்ளேயே முடங்குகிறான். கப்பலுக்குப் பதில் விமானத்திலிருந்து கண்ட கடலை, அவனும் மறுபடி காணாமலே ஆண்டுகளைக் கழிக்கிறான். சைக்கிளைவிட்டு இறங்கு என்று இன்று எவரும் சொல்வதில்லை; ஏறவே வேண்டாம் என்று சொல்லாமற் சொல்கிறோம்.

அவ்வலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது? துரையிடம் அன்று, பெரும்பாலும் ஒரு கிராணியிடம். அக்கிராணியின் பாட்டன் 1941-இல் சாலையோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றவனாயிருத்தல் கூடும். ஒரு சமூகம் தான் பட்ட துன்பத்தினின்று கற்றது என்ன என்பதை அறிய, அச்சமூகத்தின் கையில் சாவி வந்தபோது அது என்ன செய்தது என்று பார்ப்பதே வழி. நாம் போராடியது தமிழன் சாலையில் செல்வதற்காக மட்டுமாயின், அது ஒரு கூட்டத்தின் சலுகை. உழைப்பவன் சாலையில் செல்வதற்காகவாயின், அது ஒரு நியாயம். மாண்ட ஐவரையும் சலுகைக்கு மாண்டவராக்குவதா, நியாயத்திற்கு மாண்டவராக்குவதா என்பது இன்று நம் செயலில் இருக்கிறது.

ஆதலின் முடிவாகக் கூறுவன இரண்டு. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் பெற்றோர், வரும் விடுமுறையில் பிள்ளைகளைக் குன்றிற்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்லுக. அங்கே பீரங்கியின் கதையோடு சைக்கிளின் கதையையும் சேர்த்துச் சொல்லுக. பள்ளியாசிரியரும் வாசகசாலைகளும் மாதம் ஒருமுறை இளைஞரைக் கூட்டிச் சென்று, கண்டதை எழுதி வரச் செய்தால் இன்னும் நலம். இரண்டாவது, என் தொழில் தோழர்களாகிய கிராணிமாருக்கு. நாளைக் காலையே அலமாரியைத் திறந்து, எவருடைய சீட்டோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மறுக்கும் மேலதிகாரியிடம் சட்டத்தைக் காட்டுங்கள். பிறகு வரும் ஓய்வு நாளில் அம்மனிதர் பாகான் நக்கோடா ஓமாருக்குப் போகும் வழி கேட்டால், அதையும் சொல்லிக் கொடுங்கள்.